நாற்காலி விமானம்

ஷார்ஜா
14.11.1997, வெள்ளி

அன்புத் தங்கை ஃபஸ்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கடைத் தபால் பெட்டிக்கு வந்தது. உன் மச்சான் கையில் கொடுக்கும்போதே, "உன் தங்கச்சி மான்செஸ்டர்ல யூதப் பள்ளிக்கூடத்துல சேந்திருக்காளாம், படி" என்றார். எனக்கு வந்த கடிதத்தை எனக்கு முன்பே படித்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. கேட்டதற்கு, உறை தானாகப் பிரிந்துகொண்டதாம்.

நான் திட்டுவேன் என்று பயந்து பக்கம் பக்கமாகச் சமாதானம் எழுதியிருக்கிறாய். எனக்குத் திட்டத் தோன்றவில்லை, கேட்கத்தான் தோன்றுகிறது. அந்தச் சமாதானத்துக்குப் பதில் அங்கே நடப்பதை எழுதியிருக்கலாம்.

அஸர் தொழுததும் நம் ஹாலில் கட்டிடத்துப் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். நான் ஓதிக்கொடுக்கிறேன். எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கேசட்டைப் போட்டு, நிறுத்தி, திரும்பப் போட்டு நானே திருத்திக்கொண்டதுதான். யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள், யாருக்கு எந்த எழுத்து நாக்கில் நிற்கவில்லை என்று நோட்டில் குறித்து வருகிறேன். அதனால் கேட்கிறேன். அவர்களுடைய எழுத்தும் வலமிருந்து இடம் என்கிறாயே, சின்னப் பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டுகிறார்கள்? அர்த்தம் சொல்லித் தருகிறார்களா, அல்லது நம்மைப் போல முதலில் ஓசை, பிறகு வாழ்நாளெல்லாம் அர்த்தமா? பிள்ளை அழுதால் என்ன செய்கிறார்கள்?

இன்னொன்று. அந்த நாட்டைப் பற்றியும் பாடம் உண்டு என்று எழுதியிருக்கிறாய். பெயரை நான் எழுதப் போவதில்லை. தபாலைப் பிரிக்கிறார்கள் என்று உன் மச்சான் சொல்கிறார் (அவருக்கு அனுபவம் இருக்கும்). மான்செஸ்டரில் பிறந்த பிள்ளைக்குக் காணாத ஒரு நாட்டை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? அங்கே முன்பிருந்தவர்களைப் பற்றியும் சொல்வார்களா? எங்கள் மேல்மாடியில் உம்மு காலித் இருக்கிறாள். அவள் வாப்பா அங்கே யாஃபா என்கிற ஊரிலிருந்து வெளியேறி வந்தவர். உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. ஆனால் படிக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் அவள் நடக்கிற சத்தம் கேட்கிறது.

அஸ்மத்

மான்செஸ்டர்
7 டிசம்பர் 97

ராத்தா,

வஅலைக்கும் ஸலாம். பள்ளிவாசலிலிருந்து விலக்கி வைப்பாய் என்று பார்த்தால் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறாய். இதோ விடை, மார்க் போட்டுக்கொள்.

இது தினசரிப் பள்ளியில்லை. அவர்களுடைய வணக்கத்தலத்தின் பின்கட்டில், ஞாயிறு காலையும் புதன் சாயங்காலமும் மட்டும் நடக்கிற மார்க்க வகுப்பு. நான் டீச்சர் இல்லை. பேப்பர் வெட்டுவேன், ஷூ லேஸ் கட்டுவேன், பாத்ரூம் கூட்டிப்போவேன். டீச்சர் பெயர் மிரியம். பிள்ளைகள் யோனா, ஏலி, டேவிட், சாரா. முதல் நாள் வருகைப் பதிவு வாசிக்கும்போது நம் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவது மாதிரியே இருந்தது, எல்லாம் நபிமார் வீட்டுப் பெயர். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி என்ன கொழுப்பு என்று படித்துவிட்டுத்தான் தின்னக் கொடுக்கிறார்கள். கடையில் அப்படி நின்று படிக்கிற கிறுக்கி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

எழுத்து கேட்டாயே. முதல் நாள், பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையில் முதல் எழுத்தின்மேல் ஒரு சொட்டுத் தேன் விட்டு நக்கச் சொல்கிறார்கள். படிப்பு இனிக்க வேண்டுமாம். பிறகு மிரியம் டீச்சர் பிள்ளையின் முதுகில் விரலால் எழுத்தை எழுதுவார், பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளைகூட கூச்சத்தில் சிரித்துவிடும். எழுத்துக்குக் கீழே நம் ஸேர், ஸபர் மாதிரி ஓசையைக் காட்டும் புள்ளிகள் உண்டு. ஓரத்தில் நாலைந்து வரைந்திருக்கிறேன் பார். அலெஃப், பேத், கிமெல், தாலெத். வாய்விட்டுச் சொல்லிப் பார், எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். அர்த்தம் பிறகுதான். ஓசையை உருட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள், நம்மைப் போலவே.

இஸ்ரேல் பாடமும் உண்டு. (எழுதிவிட்டேன். மச்சானிடம் சொல், உறை தானாகப் பிரியும்போது இந்த வரியில் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.) அங்கே மரம் நட என்று ஒரு நீலத் தகரப் பெட்டியில் காசு போடுகிறார்கள். கடல், ஆரஞ்சு, ஒட்டகம் படம் போட்டு வண்ணம் தீட்டுகிறார்கள். அந்த யோனா, ஐந்து வயது, "அது பிளாக்பூலைவிடத் தூரமா?" என்று கேட்டான். பிளாக்பூல் என்பது இங்கே பக்கத்தில் கடற்கரை, அவனுக்கு உலகம் அதோடு முடிகிறது.

முன்பிருந்தவர்களைப் பற்றி நானும் கேட்டேன். மிரியம் டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "அஞ்சு வயசுக்குக் கடலும் ஆரஞ்சும் போதும்னு நினைக்கிறேன். பெரிய வகுப்புல சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு எனக்கே சரியாத் தெரியல, ஃபஸ்னா" என்றார்.

ஃபஸ்னா

ஷார்ஜா
13.2.1998

அன்புத் தங்கைக்கு,

நோன்பும் பெருநாளும் முடிந்துதான் பேனா எடுக்க முடிந்தது. முதுகில் எழுதுகிற வித்தையைச் செய்து பார்த்தேன். ஐன், கைன் எழுத்துகளைக் குழப்பிக்கொண்டிருந்த பிள்ளை இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. நோட்டில் "முறை: மான்செஸ்டர்" என்று எழுதியிருக்கிறேன். தேன் மட்டும் சரிப்படவில்லை. கார்ப்பெட்டில் எறும்பு.

நீ வரைந்த எழுத்துக்களை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிப் பழகினேன். உன் மச்சான் இரண்டாம் நாளே எடுத்து மடித்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார், யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்று. அதற்குள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஆரிப்பின் பள்ளி அட்லஸில் அந்த நாடு இருக்கிற இடத்தில் கறுப்பு மார்க்கரால் பூசியிருக்கிறது. கடைக்கு வரும்போதே அப்படித்தான் வருகிறது. அவன் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "உம்மா, அடியில ஏதோ எழுதியிருக்கு" என்றான். நானும் சேர்ந்து பார்த்தேன். உம்மு காலித்திடம் மெல்ல, உன் வாப்பா ஊரைப் பற்றி என்ன சொல்வார் என்று கேட்டேன். கடல் என்றாள். ஆரஞ்சு என்றாள். அப்புறம் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். உன் டீச்சரிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை, நீயே முடிவு செய்.

இப்போது முக்கியமான சேதி. உம்மா ஜூன் மாதம் இங்கே விசிட் விசாவில் வருகிறார்கள். வாப்பா சம்மதித்துவிட்டார்கள். நீயும் வர வேண்டும். ஊரில் உனக்குக் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு நீ உன் மாப்பிள்ளை ஹஸ்னைன் தம்பியோடு சீமைக்குப் போன நாள்முதல் வாப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. "வீட்டை வேண்டாம்னு போனவ என் வாசலுக்கும் வரவேண்டாம்" என்றதை நீயும் விடாமல் பிடித்துக்கொண்டாய். பொண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவைக்கிற ஊரில் பிறந்து, நீ செய்தது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். உம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. "ஃபஸ்னா முகம் தெரியுறப்பவே பாத்துரணும்" என்கிறார்கள். ஊரில் நடக்காது. இங்கே நடக்கும். என் வீட்டு வாசலுக்கு வாப்பா காவல் இல்லை.

உன் விசாவையும் உன் மச்சானே எடுக்கிறார். பாஸ்போர்ட் நகல் அனுப்பு.

அஸ்மத்

மான்செஸ்டர்
5 மே 98

ராத்தா,

விசா நகல் கிடைத்தது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஜூன் 25 இரவு ஷார்ஜாவில் இறங்குகிறேன். உம்மாவுக்கு இங்கே ஒரு சால்வை வாங்கினேன். அந்த வெயிலில் சால்வையா என்று என் மாப்பிள்ளை சிரிக்கிறார். உங்கள் வீட்டு ஏசியை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு கூத்து நடந்தது. அந்த நாட்டுக்கு ஐம்பது வயதாம், பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டுமாம். எப்படி? நாற்காலிகளை இரண்டிரண்டாக, நடுவே வழி விட்டு, விமானம் மாதிரி போட்டோம். நான் ஏர் ஹோஸ்டஸ். ஆரஞ்சு ஜூஸ் ஊற்றினேன், பெல்ட் போட்டாயா என்று பார்த்தேன். மிரியம் டீச்சர் பைலட். "கீழே பாருங்க, கடல்" என்றதும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். சாரா நிஜமாகவே வாந்தி எடுத்தாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டையில் பாஸ்போர்ட். இறங்கினதும் மேசைக்குப் பின்னால் யோனா இமிக்ரேஷன் ஆபீசர், கையில் ரப்பர் ஸ்டாம்ப். இதற்கென்றே செய்யச் சொல்லி வாங்கியது. ஒரு விமானம், நட்சத்திரம், ஹீப்ருவில் நல்வரவு, கீழே தேதி. எல்லாரும் முடிந்து என் முறை. "மிஸ் ஃபஸ்னா, பாஸ்போர்ட்?" என்றான். எனக்கு அட்டை செய்யவில்லை. என்னுடையதை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியுமே, இந்த ஊருக்கு வந்த புதிதில் பிடித்த பழக்கம். நிஜ பாஸ்போர்ட் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று எடுத்து நீட்டினேன். போட்டோவைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பக்கத்தைப் புரட்டினான், டப் என்று குத்திவிட்டான். ஊதா மை. மிரியம் டீச்சர் வாயில் கை வைத்தார், நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவ்வளவு தெளிவாக நிஜ ஆபீசர்கூடக் குத்தமாட்டான்.

ஃபஸ்னா

ஷார்ஜா
15.5.1998

ஃபஸ்னா,

ஸலாம். சிரித்தாயா? நான் அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். ஒரு முறையும் சிரிப்பு வரவில்லை.

அந்த நாட்டு முத்திரை இருக்கிற பாஸ்போர்ட்டை இங்கே உள்ளே விடுவதில்லை. இது இங்கே டாக்ஸி ஓட்டுகிறவனுக்கும் தெரியும். உன் மச்சான் அன்று சாப்பிடவில்லை. "விளையாட்டா? எந்தப் பள்ளிக்கூடத்துல நெஜ பாஸ்போர்ட்ல வெளையாடுவாங்க? யார் நம்புவா?" என்றார். உன் விசா எங்கள் கடை லைசென்ஸில் எடுத்தது. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நம்மைப் போல ஸ்பேர் பார்ட்ஸ் கடை நூறு இருக்கிறது. எங்களுக்குப் பொறுப்பு நிற்கிற அரபி கஃபீல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை இல்லை, எங்கள் விசாவும் இல்லை. அவர் பயப்படுவதில் தப்பு சொல்ல முடியாது.

எந்தப் பக்கத்தில் குத்தினான்? பெரிதா, சிறிதா? விமானம் என்கிறாயே, மூக்கு எந்தப் பக்கம்? அப்படியே வரைந்து அனுப்பு. புது பாஸ்போர்ட் எடுக்க முடியுமா என்று ஹஸ்னைன் தம்பியிடம் கேள். நீயாக அழிக்கவோ கிழிக்கவோ செய்யாதே, அது இதைவிடப் பெரிய குற்றம்.

உம்மா ஜூன் முதல் வாரம் வருகிறார்கள். அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

அஸ்மத்

மான்செஸ்டர்
24 மே 98

ராத்தா,

வரைந்திருக்கிறேன். பதினான்காம் பக்கம், தீப்பெட்டி அளவு. விமானத்தின் மூக்கு கீழே பார்க்கிறது, இறங்குகிற விமானம்.

புது பாஸ்போர்ட் எடுத்தும் பிரயோஜனமில்லை. நான் இந்த நாட்டில் தங்கலாம் என்கிற முத்திரை இந்தப் பழைய புத்தகத்தில்தான் இருக்கிறது. புதியதோடு இதையும் சேர்த்துத் தைத்துத்தான் கொடுப்பார்களாம். எப்படிப் போனாலும் பதினான்காம் பக்கம் என்னோடு வரும்.

மிரியம் டீச்சர் வீட்டுக்கே வந்து அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். எல்லாம் விளையாட்டுதான் என்று பள்ளியின் லெட்டர்ஹெட்டில் எழுதித் தருகிறாராம். மேலே ஆறு முனை நட்சத்திரம், கீழே அவர்களுடைய மதகுரு ரபியின் கையெழுத்து. அதைப் பிடித்துக்கொண்டு நான் ஷார்ஜா ஏர்போர்ட்டில் நிற்பதை நினைத்துப் பார். இந்த ஒரு இடத்திலாவது நீ சிரித்திருப்பாய். யோனாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

கடையைக் கெடுத்துவிட்டு நான் வர வேண்டியதில்லை. வராதே என்று மச்சான் சொல்லட்டும், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். உம்மாவிடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல். ஒரு வாசல்தான் எனக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். பரவாயில்லை.

ஃபஸ்னா

ஷார்ஜா
7.6.1998

அன்புத் தங்கைக்கு,

உம்மா வந்துவிட்டார்கள். எடுத்த எடுப்பில் உன்னைத்தான் கேட்டார்கள். லீவு இல்லை என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். "அஞ்சு வயசுப் புள்ள குத்துனதுக்கு எம்புள்ளய ஏன் நிறுத்தணும்?" என்று கேட்டார்கள். உன் மச்சான் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

இதையும் கேள். உன் விமானத்தைப் படித்ததிலிருந்து எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை நம் ஹாலிலும் நாற்காலி போட்டேன். ஜித்தாவில் இறங்கி, மக்கா போய், உம்ரா செய்வதாக. போகிற வழியில் ஓத வேண்டியதையெல்லாம் ஓதவைத்தேன். ஒரு வருடமாகத் தலைகீழாக நின்றும் மனப்பாடமாகாத துஆ, ஜன்னல் சீட் கிடைக்கும் என்றதும் ஒரு மணி நேரத்தில் மனப்பாடமாகிவிட்டது. ஆரிப்தான் இமிக்ரேஷன். உருளைக்கிழங்கை வெட்டி, பிறை செதுக்கி, மைப்பெட்டியில் தொட்டு முத்திரை. அட்டையெல்லாம் முடிந்தும் அவன் கை நிற்கவில்லை. சோபாவில் இருந்த கடை பில் புக்கை எடுத்து வரிசையாகக் குத்தித் தள்ளிவிட்டான், கார்பன் தாளோடு.

உன் மச்சான் வந்து பார்த்தார். "லேய், இது என்னலே?" என்றார். "வாப்பா, நீங்களும் மக்காவுக்கு வந்துட்டீங்க" என்றான் அவன். அடிக்க ஓங்கின கை அப்படியே நின்றது. பில் புக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துவிட்டு, "அவளை வரச் சொல்லு" என்றார்.

ஆகவே வா. அந்தப் பக்கத்தை மறைக்காதே, தாள் ஒட்டாதே. கேட்டால் உள்ளதைச் சொல். பொய் சொல்லி நீ உள்ளே வந்தால் நான் ஓதிக்கொடுக்கிற ஹாலில் உன்னை எப்படி உட்காரவைப்பேன்? திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், உண்மையைச் சொல்லித் திரும்பினாய் என்று இருக்கட்டும். ரபியின் கடிதம் வேண்டாம். நான் வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பேன், உம்மாவோடு.

அஸ்மத்

மான்செஸ்டர்
26 ஜூலை 98

ராத்தா,

அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரம், கவுண்டரில் என்ன நடந்தது என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் "ஒண்ணுமில்ல, விட்டுட்டாங்க" என்றே சொல்லிவிட்டு வந்தேன். உம்மா பக்கத்திலேயே இருந்தார்கள், என் முகத்தைத் தடவிக்கொண்டு. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இப்போது எழுதுகிறேன்.

வாலிபமான ஆபீசர் ஒருவர்தான் முதலில் பார்த்தார். பதினான்காம் பக்கம் வந்ததும் நிறுத்தி, என்னைப் பார்த்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு அறையில் உட்காரவைத்தார்கள். தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். வயதான ஆபீசர் ஒருவர் வந்தார், நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடி. ஆங்கிலத்தில் உருது கலந்து பேசினார்.

"இது என்ன?" என்றார்.

சொன்னேன். பள்ளி, நாற்காலி, ஜூஸ், யோனா. யாருடைய பள்ளி என்று கேட்டார். யூதப் பிள்ளைகளுடையது என்றேன். நீ என்ன சொல்லித் தருகிறாய் என்றார். நான் ஷூ லேஸ் கட்டிவிடுகிறவள் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த முத்திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "முப்பது வருஷமா முத்திரை பாக்கிறேன்" என்றார். "இது உள்ள போன முத்திரை. விமானம் இறங்குது. வெளிய வந்த முத்திரை எங்கே? விசாவும் இல்ல. இந்தக் கணக்குப்படி நீ இன்னும் அங்கதான் இருக்கே. அப்ப எனக்கு முன்னால உட்கார்ந்திருக்கிறது யாரு?"

நிஜம்தானே ராத்தா? அன்றைக்கு நாங்கள் இறங்கினோம், பிள்ளைகள் கையைத் தட்டினார்கள், மணி அடித்தது, அப்பா அம்மாமார் வந்து கூட்டிப்போய்விட்டார்கள். யாரும் திரும்பி வரவே இல்லை.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு பக்கத்தை விரித்து வைத்தார். "இங்கயும் பாதிதான் இருக்கு" என்றார். "மெட்ராஸை விட்டுப் போன முத்திரை, தொண்ணூத்தொண்ணு. திரும்பிப் போன முத்திரையே இல்லையே. அதுவும் விளையாட்டா?"

"இல்லை" என்றேன்.

வெளியே யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். உம்மா என்றேன். "கலாஸ். யல்லா, போ" என்று அவரே முத்திரை குத்தி, கையில் கொடுத்தார்.

உன் ஹாலில் இருந்த நாளெல்லாம் இதைச் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. மிரியம் டீச்சரிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அடுத்த வருடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டி வரப் போகிறாராம். உம்மு காலித்தின் கடலையும் ஆரஞ்சையும் சொன்னேன். பெரிய வகுப்புக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்போல என்று சொல்லி எழுதி வைத்துக்கொண்டார்.

ஃபஸ்னா

ஷார்ஜா
14.8.1998

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். உன் கடிதத்தைப் படித்த பிறகு நோட்டைப் பார்த்தேன். என் பிள்ளைகளும் மக்காவில் இறங்கினதோடு சரி, மஃரிப் பாங்கு சொன்னதும் ஓடிவிட்டார்கள். நேற்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு எல்லாரையும் கூட்டி வந்தேன். ஆரிப் புதுக் கிழங்கு வெட்டினான். பில் புக்கை முன்கூட்டியே அலமாரியில் பூட்டினோம்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த உம்மாவோடு புதன்கிழமை போனில் பேசினேன். அந்த ஆபீசர் சொன்ன இரண்டையும் சொன்னேன், இரண்டாவதையும். நீ கோபித்தால் கோபித்துக்கொள். நேற்று உம்மாவே திரும்பக் கூப்பிட்டார்கள். அதை அப்படியே வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். வாப்பா மறுநாள் சுபுஹ் தொழுதுவிட்டு வந்து, எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பூட்டு துருப்பிடித்திருந்ததாம். எண்ணெய் விட்டு, சாவியைப் போட்டுத் திருகி, திறந்து, மறுபடியும் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து பழைய ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

ஏன் என்று உம்மா கேட்கவில்லை. நீயும் கேட்காதே. டிசம்பர் லீவில் மெட்ராஸுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று மட்டும் கேள்.

அஸ்மத்